கரடி கதவைத் தட்டாது

ஜனவரி 11

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதறது. நான் நல்லா இருக்கேன். உன் முட்டி வலி எப்படி இருக்கு? சிட்டுவுக்கு இருமல் விட்டுதா?

எனக்கு வேலை மாத்திட்டாங்க. தோட்டத்துலேருந்து சலவைக்கு. இந்த ஜெயில்லயே கதகதப்பான இடம் இதுதான், இந்தக் குளிருக்கு எல்லாருக்கும் என்மேல பொறாமை. காலையிலேருந்து போர்வை, அப்புறம் விரிப்பு, மறுபடி போர்வை. கண்ணை மூடினா வெள்ளையா ஏதோ சுத்திக்கிட்டே இருக்கு. குடிச்சுட்டு வேன் ஓட்டி ஒரு மனுஷனைச் சைக்கிளோட சாச்சவனுக்கு இது சுகமான தண்டனைதான். குறை சொல்லல.

அப்பனைப் பாக்க சிட்டு ஏன் வர மாட்டேங்கறா? மொத வருஷம் ஒரே ஒரு தடவை கூட்டிட்டு வந்தே. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உக்காந்து என்னையே பாத்துக்கிட்டிருந்தா. ஒரு வார்த்தை பேசல. கூச்சம்னு நினைச்சேன். அவ அம்மா போனப்புறம் அவளுக்கு நான், எனக்கு அவள்னுதானே இருந்தோம்?

அவளோட 'குடைக்கரடி' புத்தகம் உன்கிட்டதானே இருக்கு? பள்ளிக்கூடம் விடற நேரத்துல மழை கொட்டும், வாசல்ல கரடி குடையோட நிக்கும், "வந்துட்டேன்"னு சொல்லும், பிள்ளை "வந்துட்டியா!"ன்னு ஓடி வரும். நானும் வேலை முடிஞ்சு வந்ததும் வாசல்லயே கரடிக் குரல்ல "வந்துட்டேன்"னு சொல்லுவேன். அவ உள்ளேயிருந்து பதில் சொல்ற வரைக்கும் விட மாட்டேன். அதுதான் எங்க விளையாட்டு. கரடி கேட்டுச்சுன்னு அவகிட்ட சொல்லு.

உடம்பைப் பாத்துக்கோ.

தம்பி


பிப்ரவரி 20

தம்பிக்கு,

ஆசீர்வாதம். இங்க ரெண்டு பேருக்கும் உடம்புக்கு ஒண்ணுமில்ல. முட்டி வலி இருக்கு. அது எங்க போகும், என்னை மாதிரியே அதுக்கும் போக்கிடம் இல்ல. சிட்டுவுக்கு இருமல் நின்னுடுச்சு. போன வருஷத்துச் செருப்பு பத்தல, அவ்வளவு கால்.

தாமதத்துக்குக் காரணம் இருக்கு. திரைச்சீலை தைக்கிற கம்பெனியை மூடிட்டாங்க. இப்ப ஒரு படக் கம்பெனியில உடுப்பு தைக்கறேன். படக் கம்பெனின்னதும் பெருசா நினைக்காதே. ஒரு பழைய மரச்சாமான் கிடங்கு, கைவிரல்ல எண்ணிடற அளவுக்கு ஆளுங்க, ஒரு கேமரா. சின்னப் பிள்ளைங்க கதையாப் பொறுக்கி எடுத்து பேய்ப்படமா மாத்தறது அவங்க தொழில். கதை எழுதினவர் செத்து ரொம்ப வருஷம் ஆயிட்டா அது யாருக்கும் சொந்தமில்லையாம், யார் வேணாலும் எடுத்து என்ன வேணாலும் பண்ணலாமாம். போன வருஷம் ஒரு வாத்துக்குஞ்சு ஒரு குடும்பத்தையே கடிச்சுக் கொன்னுதாம். இந்த வருஷம் குடைக்கரடி.

ஆமா, அதே கரடிதான். நான்தான் அதுக்குத் தோல் தைக்கறேன். ஏலத்துல வாங்கின பழைய ரோமக் கம்பளம், உள்ளே பஞ்சு அட்டை. தலைக்கு ஒரு ஹெல்மெட். பசை நாத்தத்துல வீட்டுக்கு வந்தாலும் தலை கிறுகிறுன்னு இருக்கு. காது தைக்க உக்காந்திருக்கேன் இப்போ. ஒரு காது ஏறினா ஒரு காது இறங்குது.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

அக்கா


மார்ச் 3

அக்கா,

நலம். உங்க ரெண்டு பேரோட சுகத்துக்கும் எழுது.

உன் கடிதம் பாத்துத் தூக்கிவாரிப் போட்டுது. உலகத்துல வேற மிருகமே கிடைக்கலையா அவங்களுக்கு? குடைக்கரடியைப் போயா?

சலவையில எங்கூட நிக்கிறவனை 'மலை'ன்னு கூப்பிடுவோம், ஆள் அப்படி. விஷயத்தைச் சொன்னதும் அவன் கையில இருந்த ஈரப் போர்வையைக் கீழே போட்டுட்டான். "யோவ், அந்தப் புத்தகத்தைப் படிச்சுத்தான் நான் எழுத்தே கத்துக்கிட்டேன். அதுல எவன் கை வெச்சது?" அந்தப் பக்கம் இஸ்திரி போடறவர் ஒரு பழைய பள்ளிக்கூட வாத்தியார், வாயே திறக்க மாட்டார். அவர் சொல்றார்: "நான் வருஷா வருஷம் அந்தப் பாடம் நடத்தினவன். அந்தக் கரடியை யார் சார் அனுப்பினாங்கன்னு எப்பவும் ஒரு பிள்ளை கேக்கும். எனக்கு பதில் தெரியாது. யோசிச்சா பயமாத்தான் இருக்கு." மலை அவர்கூட மூணு நாளா பேசல.

சிரிப்பு இருக்கட்டும். சிட்டுவுக்கு இது தெரிய வேண்டாம். அவ உயிரே அந்தக் கரடி. தையலை வீட்டுக்குக் கொண்டு வராதே, வெறும் தலையைப் பாத்தாளோ அரண்டுடுவா. நான் சொன்னதை அவகிட்ட சொன்னியா? என்ன சொன்னா? லீவுக்காவது கூட்டிட்டு வருவியா?

தம்பி


ஏப்ரல் 28

தம்பிக்கு,

ஆசீர்வாதம். நாங்க சுகம், நீயும் அப்படியே இருக்கணும்.

எழுத உக்காந்தா கண்ணைச் சொருகுது. ஷூட்டிங் நடக்குது. கரடிக்குள்ள போறவர் முன்னாடி ஒரு கடையில காவலுக்கு இருந்தவர். நெட்டையன்னு கூப்பிடறாங்க, அவரும் கோவிச்சுக்கறதில்ல. மழைக் காட்சிக்குக் குழாயில தண்ணி அடிச்சா கம்பளம் முழுக்கக் குடிச்சுக் கல்லாட்டம் கனக்குது. ரெண்டு பேர் பிடிச்சாத்தான் எழுந்திரிப்பார். தலையைக் கழட்டினா உள்ளேயிருந்து ஆவி வருது. "அக்கா, இட்லிப் பானையைத் திறந்த மாதிரி இருக்கா?"ன்னு கேப்பார். ரத்தம்னு ஒரு சர்க்கரைப் பாகு கலக்கறாங்க. சாயங்காலம் அதைத் துவைக்கணும். எறும்பு மொய்ச்ச கரடியைத் துவைக்கிறவ இந்த உலகத்துல நான் ஒருத்தியாத்தான் இருப்பேன்.

சிட்டு பள்ளிக்கூடம் விட்டதும் நேரா கிடங்குக்கு வந்துடறா. வீட்டுல தனியா விட எனக்கு மனசில்ல. அவளுக்குத் தெரிய வேண்டாம்னே. மறைக்கிற அளவாடா அது? மூக்கை ஒட்டினதே அவதான். பயப்படல.

படத்துல வர்ற பொண்ணுக்கு ஒரு குழந்தையைப் பேசி வெச்சிருந்தாங்க. அந்த ரத்த வாளியைப் பாத்ததும் அதோட அம்மா கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போயிட்டாங்க. அப்புறம் வேற ஒருத்தி கிடைச்சா. வேலை நடக்குது.

வந்து பாக்க பஸ் நேரம் ஒத்து வரல. பாக்கலாம்.

அக்கா


மே 9

அக்கா,

நலம், நலமறிய ஆவல்.

நான் மூணு கேட்டேன். சொன்னியான்னு கேட்டேன், என்ன சொன்னான்னு கேட்டேன், வருவாளான்னு கேட்டேன். நீ கரடியைத் துவைச்ச கதை எழுதியிருக்கே.

பஸ் நேரம் போன வருஷமும் ஒத்து வரல. அந்த பஸ் என்ன வருஷத்துக்கு ஒரு தடவையா போகுது?

கோபமில்ல. மத்தவங்களுக்கு ஞாயித்துக்கிழமை ஆள் வருது. நான் அன்னைக்கும் போர்வை மடிக்கறேன். வேலை இல்லாம இல்ல, கைக்கு ஏதாவது வேணும்.

தம்பி


ஜூலை 30

தம்பிக்கு,

ஆசீர்வாதம். உன் கடிதம் வந்துது. படம் முடிஞ்சதும் காய்ச்சல்ல படுத்துட்டேன். கண்ட தண்ணியில நின்னதுதான். சிட்டு பாத்துக்கிட்டா. மாத்திரை நேரத்துக்கு எழுப்பறது, தலைமாட்டுல தண்ணி வெக்கறது, எல்லாம் பெரிய மனுஷி மாதிரி. அந்த வயசுல நமக்கெல்லாம் நம்ம மூக்கைச் சிந்தத் தெரியாது.

இப்ப தேவலை. மெலிஞ்சுட்டேன்னு நெட்டையன் பழம் வாங்கிட்டு வந்தார்.

ஒண்ணு சொல்றேன், கேட்டுக்கோ. அந்தப் படத்தை ஏதோ டிவிக்கு வித்துட்டாங்களாம். அங்க போட்டா நீ பாக்காதே. தையல் சரியா வரல, எனக்கே அவமானமா இருக்கு. வேற ஏதாவது வேலையா இருந்துக்கோ.

நீ கேட்டதுக்கெல்லாம் பதில் எழுதணும். எழுதறேன். இன்னிக்கு முடியல.

அக்கா


செப்டம்பர் 15

அக்கா,

நீங்க ரெண்டு பேரும் சுகமா?

சனிக்கிழமை மத்தியானம் இங்க ஹால்ல டிவி போடுவாங்க. குடைக்கரடின்னதும் மலைதான் கை தூக்கினான், திட்டறதுக்காகவாவது பாக்கணும்னான். நீ பாக்காதேன்னு எழுதியிருந்தே. உன் தையலைப் பாக்கறதுக்குத்தான் நான் போனேன். உன் கைவேலையைப் பாத்து எத்தனை நாளாச்சு?

ஆரம்பத்துல ஒரே சிரிப்பு. கரடி குனிஞ்சா முதுகுல ஜிப் தெரியுது. "உங்கக்கா கழுத்து வெக்க மறந்துட்டாங்கய்யா"ன்னு ஒருத்தன். எனக்கும் சிரிப்புத்தான்.

அப்புறம் ஒரு வீடு. ஒரு பொண்ணு முதுகைக் காட்டிக்கிட்டு உக்காந்து வீட்டுப்பாடம் எழுதுது. திரும்பறதுக்கு முன்னாடியே எனக்குத் தெரிஞ்சுடுச்சு. பென்சிலைப் பிடிச்சுக்கிட்டே காதைத் தடவுவாளே, அது. "எம் பொண்ணுடா"ன்னேன் மலைகிட்ட. அவன் எழுந்து நின்னு ஹாலுக்கே சொன்னான்: "டேய், எவனும் கத்தாதீங்க. இவன் பொண்ணு." அவ்வளவு பேரும் கப்சிப். என்ன உசரம் வளந்துட்டா! இத்தனை நாள் கழிச்சு அவளைப் பாக்கறேன் அக்கா. நீ ஏன் சொல்லலேன்னு கூட தோணல. மார்பு விம்மிப் போச்சு.

அப்பதான் வெளியே சத்தம் கேக்குது. கரடி கதவைத் தட்டல. சாவியைத் தேடுது. இந்தப் பக்கம் தடவுது, அந்தப் பக்கம் தடவுது. சாவிக்கொத்து கீழே விழுது. எடுக்கப் போயி அப்படியே கதவுல சாஞ்சு உக்காந்துடுது. உக்காந்து தனியா சிரிக்குது.

உள்ளே அவ எழுந்திரிக்கறா. பதட்டமே இல்ல. டிவியை அணைக்கறா. விளக்கை அணைக்கறா. வாசல்கிட்ட போய்த் தன் செருப்பை எடுத்துட்டு வந்து கட்டிலுக்கு அடியில தள்ளறா. அலமாரிக்குள்ள ஏறிக் கதவை உள்பக்கமா இழுத்துக்கறா. தொங்கற சட்டை ஒண்ணை முகத்துக்கு நேரா விட்டுக்கறா. எல்லாம் தினமும் செய்யற வேலை மாதிரி.

நான் வேலை முடிஞ்சு வரும்போது வாசல்ல அவ செருப்பு இருக்காது அக்கா. ஒழுங்கா எடுத்து வெக்கிற பிள்ளைன்னு நினைச்சேன். விளக்கு அணைஞ்சிருக்கும். சீக்கிரம் தூங்கற பிள்ளைன்னு நினைச்சேன். எங்கூட வேன் ஓட்டறவங்ககிட்ட பெருமையா சொல்லியிருக்கேன்.

கரடி சொல்லுச்சு, "வந்துட்டேன்." கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடி, "வந்துட்டேன்." மறுபடி. அலமாரிக்குள்ளேயிருந்து அவ, "வந்துட்டியா"ன்னா. புத்தகத்துல இருக்கிற அதே வார்த்தைதான்.

மலை ரெண்டு கையாலயும் முகத்தை மூடிக்கிட்டான். நான் எழுந்து சலவைக்குப் போயிட்டேன். அப்புறம் என்ன ஆச்சுன்னு எனக்குத் தெரியாது.

அந்த இடத்தை யார் எழுதினது அக்கா? அதை மட்டும் சொல்லு. நான் அவளை ஒரு நாள் கூட அடிச்சதில்ல. உனக்குத் தெரியும்.

தம்பி


செப்டம்பர் 19

தம்பி,

இந்தத் தடவை சுகம் விசாரிக்கல. நீ எப்படி இருப்பேன்னு தெரியும்.

உன் கேள்விக்கு பதில்: அவதான்.

டைரக்டர் கரடி கதவை உடைச்சுக்கிட்டு வரணும்னு எழுதி வெச்சிருந்தார். அது வாடகை வீடு. கதவுல ஒரு கீறல் விழக்கூடாதுன்னு வீட்டுக்காரம்மா காலையிலேயே வந்து நின்னுட்டாங்க. என்ன பண்றதுன்னு இவர் தலையைச் சொறியறார். நானும் சிட்டுவும் ஓரமா கரடிக்கு நகம் தைச்சுக்கிட்டிருந்தோம். அவ தலையைத் தூக்காமலே சொல்றா: "கரடி கதவெல்லாம் தட்டாது, உடைக்காது."

"பின்ன எப்படி வரும்?"

"சாவியைத் தேடும்."

"கரடிக்கு ஏதும்மா சாவி?"

"இருக்கும். அதுக்கும் அதுதானே வீடு."

எனக்கு ஊசி விரல்ல ஏறிடுச்சு. டைரக்டர் சின்ன வயசுக்காரர், கெட்டவர் இல்ல. அவர் கேக்கக் கேக்க இவ சொல்லிக்கிட்டே வர்றா. உள்ளே இருக்கிற பொண்ணு என்ன பண்ணும்? விளக்கை அணைக்கும். ஏன்? முழிச்சிருக்கான்னு தெரிஞ்சா கரடி விளையாடக் கூப்பிடும். செருப்பு? அதைப் பாத்தா கரடி பக்கத்துல உக்காந்து அழும். அழுதா இன்னும் நேரமாகும்.

போதும்னு நான் நிறுத்தியிருக்கணும். நிறுத்தல. என்கிட்ட வந்ததுலேருந்து அவ இவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லடா. அந்த இன்னொரு குழந்தையை அவங்கம்மா இழுத்துட்டுப் போனதும் "நான் பண்றேன், எனக்குத் தெரியும்"னு இவதான் போய் நின்னா. நான் வேண்டாம்னேன். "அத்தை, இது பொய்க் கரடி"ன்னா. அதுக்கு மேல என்ன சொல்ல?

எடுத்து முடிச்சதும் அலமாரியிலேருந்து இறங்கி நேரா நெட்டையன்கிட்ட போனா. தலையைக் கழட்டச் சொல்லி முகத்தைப் பாத்தா. மனுஷன் வேர்வையில மூச்சு வாங்கிக்கிட்டிருந்தார். துண்டை எடுத்துக் குடுத்தா. அன்னைக்கு ராத்திரி விளக்கை அணைச்சுட்டுப் படுத்தா. இங்க வந்ததுலேருந்து அவளுக்கு விளக்கு எரியணும். அதையும் உனக்கு எழுதினதில்ல.

அடிச்சதில்லேன்னு எழுதியிருக்கே. நிஜம்தான். அடிச்சிருந்தா எனக்கும் எப்பவோ தெரிஞ்சிருக்கும். நானும் ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை வந்துக்கிட்டுத்தானே இருந்தேன்? நீ குடிக்காம, குளிச்சு, சட்டை மாத்தி, சிரிச்சுக்கிட்டு இருப்பே. அவ உன் பக்கத்துல உக்காந்திருப்பா. அரண்டவன் கண்ணுக்குத்தான் இருண்டதெல்லாம் பேய். அரளாத நமக்கு எதுவுமே தெரியல.

கரடி கேட்டுச்சுன்னு நான் அவகிட்ட சொல்லல. சொல்லவும் மாட்டேன்.

அக்கா


அக்டோபர் 2

தம்பிக்கு,

ஆசீர்வாதம். சாப்பிடறதில்லேன்னு எழுதியிருக்கே. பட்டினி கிடந்து யாருக்கு என்ன ஆகப்போகுது? சாப்பிடு.

சிட்டுவுக்குன்னு நீ உறைக்குள்ள வெச்சிருந்த கடிதத்தைப் படிச்சேன். குடுக்கல. இதோட திருப்பி அனுப்பறேன். ஆறு பக்கம்டா! வரிக்கு வரி மன்னிச்சுடு, மன்னிச்சுடு. கண்ணீர் பட்டு மை வேற கரைஞ்சிருக்கு. அதைப் படிச்சா அந்தப் பிள்ளை என்ன பண்ணும்? உன்னைத் தேத்த ஆரம்பிக்கும். அந்த வேலையை அவ நிறைய பாத்துட்டா.

வேற எழுது. கரடி வேண்டாம், கண்ணீர் வேண்டாம். ஒண்ணும் தோணலேன்னா போர்வையைப் பத்தி எழுது. நான் குடுக்கறேன். படிக்கிறதும் படிக்காததும் அவ இஷ்டம்.

அக்கா


அக்டோபர் 8

சிட்டுவுக்கு,

நான் நல்லா இருக்கேன். நீ நல்லா இருக்கியா? அத்தை மாடி ஏறும்போது கையைப் பிடிச்சுக்கோ.

நான் இங்க போர்வை துவைக்கறேன். பெரிய மெஷின், அதுக்குள்ள ஒரு ஆளே நிக்கலாம். வெந்நீர்ல போட்டா சுருங்கிடும், பச்சைத்தண்ணியில போட்டா அழுக்குப் போகாது. நடுவுல ஒரு சூடு இருக்கு, அதைக் கண்டுபிடிக்க எனக்கு ரெண்டு மாசம் ஆச்சு.

உன் படம் பாத்தேன். கரடி முதுகுல ஜிப் தெரிஞ்சுது, எல்லாரும் சிரிச்சாங்க. நீ வந்தப்புறம் யாரும் சிரிக்கல. எங்கூட வேலை பாக்கற மலைன்னு ஒருத்தன், நிலைப்படியில தலை இடிக்கிற உசரம், அவன் முகத்தை மூடிக்கிட்டான்.

நான் முழுசா பாக்கல. பாதியில எழுந்து போயிட்டேன். நீ செஞ்சது அவ்வளவு நிஜமா இருந்துச்சு. அது நிஜம்தான்னு எனக்கு முன்னாடி தெரியாது. இப்பத் தெரியும்.

இதுக்கு பதில் போடணும்னு கட்டாயமில்ல.

அப்பா


நவம்பர் 17

அப்பாவுக்கு,

நான் நல்லா இருக்கேன். அத்தைக்கு முட்டி வலி. நீங்க நல்லா இருக்கீங்களா? இப்படித்தான் ஆரம்பிக்கணும்னு அத்தை சொன்னாங்க.

உங்க கடிதம் வந்து நிறைய நாள் ஆச்சு. அலமாரி மேல வெச்சிருந்தேன். நேத்துதான் படிச்சேன்.

ஜிப் தெரிஞ்சது அத்தை தப்பு இல்ல. குனியாதீங்கன்னு சொல்லியும் நெட்டையன் மாமா குனிஞ்சார்.

நீங்க முடிவு பாக்கலையா? கரடி உள்ளே வராது. வாசல்லயே தூங்கிடும். நான் அலமாரியிலேருந்து வந்து, செருப்பைப் போட்டுக்கிட்டு, அதைத் தாண்டி வெளிய போயிடுவேன். டைரக்டர் அண்ணா என்னைக் கொன்னுடணும்னு சொன்னார், பேய்ப்படம்னா அப்படித்தானாம். நான் ஒத்துக்கல. கரடியைக் கொன்னுடலாமான்னு கேட்டார். அதுக்கும் ஒத்துக்கல.

அடுத்த படம் ஒரு பொம்மை ரயில் கதை. என்கிட்ட இருந்த பயத்தையெல்லாம் இந்தப் படத்துலயே குடுத்துட்டேன். பெரியவங்க பயம் வேணுமாம். அங்க இருக்கிறவங்ககிட்ட கேட்டு எழுதுங்க. மலை மாமாவுக்கு எது பயம்? உங்களுக்கு எதுன்னும் எழுதுங்க.

எனக்கு ஒண்ணு மட்டும் மிச்சம் இருக்கு. நீங்க அடுத்த வருஷம் வெளிய வர்றீங்கன்னு அத்தை சொன்னாங்க. அதுதான். அதை டைரக்டர் அண்ணாகிட்ட சொல்லல. அது படத்துக்கு இல்ல.

சிட்டு


நவம்பர் 24

அன்புள்ள சிட்டு,

நான் நல்லா இருக்கேன். அத்தையும் நீயும் நல்லா இருக்கணும்.

எல்லார்கிட்டயும் கேட்டேன். மொதல்ல எவனும் வாயைத் திறக்கல, எனக்கென்ன பயம்னு மார்பைத் தட்டினாங்க. சாயங்காலம் ஒவ்வொருத்தனா தனியா வந்து சொல்லிட்டுப் போனான்.

மலைக்கு ஃபோன் மணி அடிச்சா பயம். அவங்கம்மா போனதை ஃபோன்லதான் சொன்னாங்களாம். இங்க ஃபோன் அடிக்காது, அதனால நிம்மதியா இருக்கேங்கறான்.

இஸ்திரி போடற வாத்தியாருக்குத் தன்கிட்ட படிச்ச பிள்ளைங்க யாராவது ஒரு நாள் இங்கேயே கைதியா வந்து எதிர்ல நிக்கறது. ஒருத்தன் வந்துட்டானாம். அவர்தான் அவனைத் தெரியாத மாதிரி இருந்துட்டாராம்.

வார்டருக்குப் பல்லி. எழுதாதேன்னார். எழுதிட்டேன்.

படத்தோட முடிவு எப்படீன்னு எனக்குத் தெரியாது, நீ எழுதித்தான் தெரியும். நீ வெளிய போயிட்டேன்னு படிச்சதும் அந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் படிச்சேன். மலைகிட்டயும் சொன்னேன். "அப்பாடா"ன்னான்.

அத்தைக்கும் எழுதியிருக்கேன். வெளிய வந்ததும் நான் உங்க வீட்டுக்கு வரல. மலையோட அண்ணன் ஒரு சலவைக் கடை வெச்சிருக்காராம், பின்னாடி ஒரு ரூம் இருக்காம், வேலையும் குடுக்கறேன்னு சொல்லியிருக்கார். நீ எப்பவாவது பாக்கணும்னா அத்தையோட பகல்ல கடைக்கு வா. வேண்டாம்னா வேண்டாம். குடிக்க மாட்டேன்னு இங்க உக்காந்து சத்தியம் பண்றது சுலபம். அதனால பண்ணல.

எனக்கு என்ன பயம்னு கேட்டிருக்கே. எழுதி எழுதி அடிச்சேன், இந்தத் தாளைப் பாத்தாலே தெரியும். உன் கடிதத்துல கடைசியா இருக்கிறதேதான் எனக்கும். அடுத்த வருஷம் நான் வெளிய வர்றது. ராத்திரி அதை நினைச்சா வேர்க்குது.

நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே பயம்தான் போலிருக்கு.

பரீட்சை முடிஞ்சு மெதுவா எழுது.

அப்பா